இயற்கை மனிதனும் இரண்டாயிரம் புறாக்களும்

மனிதர்கள் எல்லோரும் சமம் என்கிற மகத்தான உண்மை, பாரிஸ் நகரில், வால்ப்ரே சீமாட்டியின் வரவேற்பறையில், ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், கறிக்கும் காப்பிக்கும் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால், அவர்கள் அதை முறைப்படி பதிவு செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நாங்கள் பதிவு செய்தோம். பதிவு செய்தவன் அடியேன். ஆதரவு ஏழு, எதிர்ப்பு இல்லை. ஒரு கோமகன் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ‘நடுநிலை வகித்தார்’ என்று குறித்துக்கொண்டேன்.

நான் சீமாட்டியின் காரியதரிசி. பெயர் செலஸ்தேன் த ரிபோ. வண்டிச் சக்கரம் செய்கிற என் அப்பாவுக்கு வெறும் ரிபோதான். நடுவில் இருக்கிற ‘த’ நான் பாரிஸ் வந்த பிறகு சேர்த்துக்கொண்டது. அபாரமான எழுத்து அது. கால் போட்டு ‘தா’ என்றால் பிச்சைக்காரன். காலை எடுத்துவிட்டால் பிரபு வம்சம்.

தீர்மானத்தை முன்மொழிந்தவர் மொன்ராவேல் நீதிபதி. உயர்மன்றத்தில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு வந்து, அப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது. “பிறப்பால எவனும் உசந்தவன் இல்லை” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் மூன்று தலைமுறையின் கம்பீரம் இருந்தது. வழிமொழிந்தவர் குர்தென் சாமியார். அவர் பூசை வைத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. கடவுளைப் பற்றி அவருக்குச் சில சந்தேகங்கள் உண்டு. மடத்திலிருந்து வருகிற மானியத்தைப் பற்றி எந்தச் சந்தேகமும் கிடையாது.

தீர்மானம் நிறைவேறிய கையோடு சீமாட்டி ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்குச் சிலை வைக்கலாம்.

“சமம்னு போட்டாச்சு. யாருக்குச் சமம்?”

எங்கள் நாட்டில் மக்கள் மூன்று பிரிவு. முதல் பிரிவு பிரார்த்தனை செய்கிறது. இரண்டாம் பிரிவு போர் செய்கிறது. மூன்றாம் பிரிவு, இந்த இருவருக்கும் பசிக்காமல் பார்த்துக்கொள்கிறது.

“மூணாம் பிரிவுக்குத்தான்,” என்றார் நீதிபதி.

“அவங்கள்ல யாரையாவது நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?”

“தூக்குத்தண்டனை விதிக்கும்போது பாத்திருக்கேன் அம்மா. ஆனா அந்த நேரத்துல அவங்க அதிகமாப் பேசறதில்லை.”

“இதோ நம்ம ஃபிர்மேன் நிக்கறானே?” சீமாட்டியின் நாற்காலிக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற பணியாளன் ஃபிர்மேன், தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னும் விறைப்பானான்.

“வேலைக்காரங்க கூடாது,” என்றார் சாமியார். “நம்ம காத்து பட்டு கெட்டுப்போனவங்க. நமக்கு வேண்டியது இயற்கை மனிதன். மண்ணுலேருந்து நேரா எழுந்து வந்தவன். பொய் தெரியாதவன், ஆசை தெரியாதவன், முக்கியமா, நம்ம புஸ்தகம் எதையும் படிக்காதவன்.”

அப்படி ஒருவனைக் கண்டுபிடித்து, அவனோடு ஒரே மேஜையில் சமபந்தி விருந்து நடத்துவது என்று இரண்டாம் தீர்மானம் நிறைவேறியது. கண்டுபிடிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது.

பாரிஸில் இயற்கை மனிதனுக்கு நான் எங்கே போவேன்? ஒன்பது நாள் அலைந்தேன். பத்தாம் நாள் காலை சமையல்கட்டு வாசலில் காவல்காரன் ஒரு ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தான். ஐம்பது வயது இருக்கும். மரச் செருப்பு. முழங்கால் வரைக்கும் சேறு. உள்ளங்கை பழைய சேணத் தோல் மாதிரி. பார்த்ததும் என் நெஞ்சு படபடத்தது.

“நிறுத்துடா!” என்று கத்தினேன். “யாருய்யா நீ?”

“மத்துரேன் குய்னாருங்க. அம்மாவோட வால்ப்ரே பண்ணையிலேருந்து வர்றேன். ஆறு நாள் நடை. அம்மாவை ஒரு தடவை பாக்கணுமுங்க.”

“என்ன விஷயமா?”

“புறாங்க.”

விஷயம் இதுதான். பண்ணையில் சீமாட்டிக்கு ஒரு புறாக் கோபுரம் இருக்கிறது. இரண்டாயிரம் பொந்து. அந்தப் புறாக்கள் எங்கே வேண்டுமானாலும் இறங்கி எதை வேண்டுமானாலும் தின்னலாம். பிரபு அல்லாதவன் அதன் ஒரு சிறகைத் தொடக்கூடாது. சட்டம். மத்துரேன் போன வருடம் மூன்று முறை கோதுமை விதைத்தார். மூன்று முறையும் முளைப்பதற்கு முன்னால் புறா தின்றுவிட்டது. மூன்றாம் முறை அவருடைய தம்பி லுபேன் கவணை எடுத்துப் பதினோரு புறாக்களை அடித்துவிட்டான். இப்போது பண்ணைச் சிறையில் இருக்கிறான். புகார் கொடுத்திருப்பது சீமாட்டியின் பெயரில்.

மத்துரேன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். ஊர்ப் பங்குச்சாமி எழுதிக் கொடுத்தது. ‘என் பண்ணையாள் லுபேன் குய்னார் மீதான புகாரை இதனால் கைவிடுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

“இதுல அம்மா ஒரு கையெழுத்து போட்டாப் போதுமுங்க. நான் திரும்பிடுவேன். விதைப்பு நேரமுங்க.”

“கையெழுத்து என்னய்யா கையெழுத்து!” என்றேன். “உனக்கு விருந்தே காத்திருக்கு.”

விருந்து நடந்த செவ்வாய்க்கிழமையை நான் விவரமாகச் சொல்லியாக வேண்டும். முதலில் மத்துரேனைக் குளிப்பாட்டுவதா வேண்டாமா என்று விவாதம் நடந்தது. “சேறுதான் அத்தாட்சி” என்று சாமியார் வாதாடியதால் சேறு அப்படியே விடப்பட்டது. கம்பளத்துக்கு மட்டும் ஒரு துணி விரித்தார்கள். அடுத்து நாற்காலி. கைப்பிடி வைத்தது பிரபுக்களுக்கு, கைப்பிடி இல்லாதது நீதிபதிகளுக்கு, முக்காலி கவிஞர்களுக்கு. மனிதர்களைச் சமமாக்கிவிட்டோமே தவிர, நாற்காலிகளைப் பற்றி இன்னும் தீர்மானம் எதுவும் போடவில்லை. கால் மணி நேரம் பேசினார்கள்.

“நான் நின்னுக்கறேனுங்க,” என்றார் மத்துரேன். “பழக்கம்தான்.”

“பாத்தீங்களா!” என்றார் நீதிபதி. “தத்துவத்தால முடியாததை இயற்கை முடிச்சு வச்சுடுச்சு.”

சீமாட்டி கனிவோடு கேட்டார்: “மத்துரேன், பயப்படாம உன் மனசுல இருக்கறதைச் சொல்லு. உங்க ஊர்ல என்ன குறை?”

“பெரிசா ஒண்ணும் இல்லீங்கம்மா. புறா மட்டும்தான்.”

“ஆஹா!” சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். “உவமை! கோபுரத்துல குடியிருக்கும், உழைக்காம தின்னும், எப்பப் பாத்தாலும் முனகிக்கிட்டே இருக்கும். திருச்சபையைச் சொல்றான்.”

“தப்பு சாமி,” என்றார் நீதிபதி. “கூட்டமா வரும், கேக்காம எடுக்கும், அடுத்த வருஷம் அதே தேதிக்குத் திரும்பி வரும். வரி வசூல்காரங்களைச் சொல்றான்.”

“இல்லீங்க, புறாதானுங்க,” என்றார் மத்துரேன். “சாம்பல் நிறம். அம்மாவோட புறா.”

“என்னோட புறாவா!” சீமாட்டி மார்பில் கை வைத்துக்கொண்டார். “அப்ப இவன் என் மனசைச் சொல்றான்!”

அறையே கைதட்டியது. அந்த நேரம் பார்த்து சாப்பாடு வந்தது. அன்றைக்கு, மாவு மூடி போட்டுச் சுட்ட புறாக்கறி. பண்ணையிலிருந்து வாராவாரம் கூடையில் வருவதுதான். சீமாட்டி தன் கையாலேயே ஒரு துண்டை எடுத்து மத்துரேனிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்த்தார். வாயில் வைக்கவில்லை.

“ஏம்ப்பா, புறா பிடிக்காதா?”

“இது புறா இல்லீங்கம்மா,” என்றார் மெதுவாக. “என் விதைக் கோதுமை.”

நீதிபதி சரிகைக் கைக்குட்டையை எடுத்தார். அவர் அழுததை நான் பார்த்தேன், குறித்தும் வைத்திருக்கிறேன். ‘மாண்புமிகு நீதிபதி கண்கலங்கினார். பிறகு இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டார்.’ எங்கள் அவையில் பகுத்தறிவு தாராளம். பகிர்ந்துண்பதில்தான் கொஞ்சம் தயக்கம்.

மத்துரேன் தாளை நீட்டினார். “தம்பியை விடச் சொல்லணும் அம்மா. சம்சாரி அவன். தங்கமான பய. கை தெரியாம ஓங்கிட்டான்.”

“இப்பவே போடறேன்! பேனா எங்கே?” என்றார் சீமாட்டி. நிஜமாகவே பேனாவைத் தேடினார். அவருடைய நல்ல மனசுக்கு நான் சாட்சி.

சாமியார் குறுக்கே கையை நீட்டினார். “அம்மா, நில்லுங்க. என்ன காரியம் பண்றீங்க?”

“ஏன் சாமி? மன்னிக்கப் போறேன்.”

“மன்னிக்கறதுக்கு நீங்க யாரு?”

சீமாட்டி திகைத்தார்.

“மேல இருக்கறவன்தான் கீழ இருக்கறவனை மன்னிக்க முடியும். நீங்களும் இவன் தம்பியும் சமம். சமமானவங்களுக்குள்ள மன்னிப்பு எங்கேருந்து வந்துச்சு? நீங்க கையெழுத்து போட்டா, தண்டிக்கற உரிமை உங்களுக்கு இருக்குன்னு ஒத்துக்கறீங்க. அன்னைக்கு நாம போட்ட தீர்மானத்தை நீங்களே கிழிச்சுப் போடறீங்க.”

“ஐயோ,” என்றார் சீமாட்டி. “இன்னும் கொஞ்சத்துல கொடுங்கோன்மை பண்ணியிருப்பேனே!”

“நான் ஒத்துக்கறேன்,” என்றார் நீதிபதி. “ஒரே ஒருத்தனை விடறதால என்ன ஆகப்போகுது? சிறைகளே கூடாதுன்னு கொள்கையளவுல முடிவு பண்ணுவோம். அப்புறம் லுபேன் தானாவே வெளிய வந்துடுவான்.”

லுபேன் விஷயம், ‘சிறைகள்: பொது’ என்ற தலைப்பில் துணைக்குழுவுக்கு அனுப்பப்பட்டது. மத்துரேன் என்னைப் பார்த்தார். “ஐயா, போட்டாங்களா?” என்று கேட்டார்.

“கொள்கையளவில் போட்டுட்டாங்க,” என்றேன்.

அடுத்த இரண்டு வாரம் பாரிஸில் மத்துரேனைப் பற்றித்தான் பேச்சு. சீமாட்டி அவரைக் குதிரை லாயத்துக்கு மேலே தங்கவைத்தார். வண்டி வண்டியாகப் பெண்கள் வந்து அவர் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி மயக்கம் போட்டாள். சிகை அலங்காரக்காரர்கள் ‘உழவன் கொண்டை’ என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் நிஜக் கோதுமைக் கதிர் செருகியிருக்கும். எதிர்த்தெருக் கோமகள் பொறாமை தாங்காமல் கடற்கரையிலிருந்து ஒரு மீனவரை வரவழைத்தார். அவர் வந்த அன்றே குடித்துவிட்டுக் கோமகனைக் கட்டிப்பிடித்துவிட்டாராம். எங்கள் ஆள் அப்படி எதுவும் செய்யவில்லை. தினமும் காலையில் என்னிடம் ஒரே கேள்விதான்.

“ஐயா, துணைக்குழு என்ன சொல்லுச்சுங்க?”

“இன்னும் ‘சிறை’ங்கற சொல்லுக்கு வரையறை முடியலை.”

“அங்க விதைப்பு முடியப் போகுதுங்க.”

மூன்றாம் செவ்வாய்க்கிழமை அவையில் இருபத்திரண்டு பேர். அன்று மத்துரேனை உட்கார வைப்பது என்று பெரிய மனது பண்ணி, கவிஞர் ஒருவரின் முக்காலியை வாங்கிப் போட்டிருந்தார்கள். அவர் அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சு உச்சத்தில் இருந்தபோது கை தூக்கினார்.

“அம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?”

“கேளு கேளு!” இருபத்திரண்டு பேரும் முன்னால் சாய்ந்தார்கள்.

“மூணு வாரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன். எல்லாரும் சமம்னு சொல்றீங்க. நல்லாத்தான் இருக்குது. அப்ப நானும் வீட்டுக்குப் பின்னாடி ஒரு புறாக் கூண்டு வச்சுக்கலாமுங்களா? பெரிசா வேண்டாம். நாப்பது பொந்து. அதுங்க அம்மாவோட பூந்தோட்டத்துலயும் கொஞ்சம் மேஞ்சுட்டு வரும்.”

ஃபிர்மேனின் தட்டில் ஒரு கிண்ணம் ஆடியது. அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான் என்பது என் ஊகம், குறிப்பில் எழுதவில்லை.

சீமாட்டியின் முகம் வெளுத்துவிட்டது. “சாமி… இவன் ‘என்னுது’ங்கறானே! உடைமை ஆசை வந்துடுச்சே இவனுக்கு!”

“கெட்டுப்போயிட்டான்,” என்றார் சாமியார், நோயாளியின் நாடியை விடுகிற வைத்தியரைப் போல. “மூணு வாரம் நகரத்துச் சாப்பாடு. இயற்கை செத்துப்போச்சு. இப்ப இவன் வெறும் குடியானவன்.”

“நான் வந்தன்னைக்கும் குடியானவன்தானுங்களே,” என்றார் மத்துரேன்.

“பாருங்க, எதிர்த்துப் பேசறான்,” என்றார் நீதிபதி வருத்தத்தோடு.

அன்று மாலையே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தாள் துணைக்குழுவிடம் இருந்தது. துணைக்குழு என்றால் நான்தான்.

புகாரை யாரும் திரும்பப் பெறாததால் வழக்கு தன் போக்கில் நடந்தது. பண்ணை நீதிமன்றம் கடுங்காவல் தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட தண்டனையை உயர்மன்றம் உறுதி செய்ய வேண்டும் என்பது விதி. லுபேனைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். வழக்குக் கட்டு மொன்ராவேல் நீதிபதியின் மேஜைக்கே போனது. தீர்ப்புச் சொன்ன செவ்வாய்க்கிழமை அவர் அவைக்குத் தாமதமாக வந்தார்.

“மன்னிக்கணும் அம்மா. காலையில ஒரு வழக்கு. நம்ம புறாக்காரனோட தம்பி.”

“ஐயோ பாவம்! என்ன பண்ணீங்க?”

“மூணு வருஷம். பிரெஸ்ட் துறைமுகத்துல, விலங்கோட வேலை.” அவர் கையுறையைக் கழற்றினார். “சட்டப்படி அஞ்சு போடலாம். என்னால முடியலை. அந்தக் கோதுமைப் பேச்சு காதுலயே நின்னுச்சு.”

“எவ்வளவு இளகின மனசு உங்களுக்கு!” என்றார் சீமாட்டி.

“ஆனா நீங்க இங்க அழுதீங்களே ஐயா,” என்று நான் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

நீதிபதி கோபிக்கவில்லை. பாமரனுக்கு விளக்குவது போல விளக்கினார். “த ரிபோ, இங்க நான் தத்துவவாதி. அங்க நான் நீதிபதி. ரெண்டையும் கலந்தா ரெண்டும் கெட்டுப்போகும்.”

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சீமாட்டி ஒரு நூல் எழுதினார். அதாவது, அவர் பெருமூச்சு விட்டார், நான் எழுதினேன். ‘புறாவும் மனிதனும்: இயற்கைச் சமத்துவம் குறித்து ஒரு விசாரணை’. ஒரு மாகாணத்துக் கல்விக் கழகம் அதற்குப் பதக்கம் கொடுத்தது. இருநூறு பிரதி, கன்றுத் தோல் அட்டை. முதல் பக்கத்தில் ‘எனக்குச் சமமான மத்துரேன் குய்னாருக்கு’ என்று அச்சிட்டு, அதன் கீழே சீமாட்டியின் கையெழுத்து. எல்லாப் பிரதியிலும் மையில், கையால்.

ஏப்ரலில் கைதிகளைத் துறைமுகத்துக்கு நடத்திக்கொண்டு போகிற நாள் வந்தது. மத்துரேன் தம்பியைப் பார்க்க மறுபடி ஆறு நாள் நடந்து வந்திருக்கிறார் என்று ஃபிர்மேன் சொன்னான். சீமாட்டி உருகிப்போனார். “ஒரு பிரதி அவன்கிட்ட கொண்டுபோய்க் கொடு. இந்த நேரத்துல அவனுக்கு ஆறுதலா இருக்கும்.”

சிறை வாசலில் நல்ல வெயில். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கிச்சிலிப்பழம் உரித்துக்கொண்டிருந்தது. கைதிகள் ஒவ்வொருவரையும் பட்டடையில் தலை சாய்க்க வைத்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டி, சம்மட்டியால் ஆணி அறைந்தார்கள். பிறகு வளையங்களைச் சங்கிலியில் கோத்தார்கள். லுபேன் இரண்டாம் சங்கிலியில் இருந்தான். அதற்குள்ளேயே கழுத்துத் தோல் உரிந்து சிவந்திருந்தது. மத்துரேன் அவன் பக்கத்தில் குந்தியிருந்து, கொண்டுவந்த பாலாடைக்கட்டியைச் சின்னச் சின்னதாக வெட்டி அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார்.

நான் புத்தகத்தை நீட்டினேன்.

“என்னங்க ஐயா இது?”

“உன்னைப் பத்தி அம்மா எழுதின புத்தகம்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே.”

“முதல் பக்கத்தை மட்டும் பாரு. அம்மா கையெழுத்து போட்டிருக்காங்க.”

கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். விரலால் அந்த மைக்கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். கோடு முடிந்தது. விரல் நின்றது.

“இம்புட்டுத்தானுங்களா?” என்றார்.

அவர் என்னைத் திட்டவில்லை. அட்டையை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தார். “நல்ல தோலுங்க,” என்றார். பாலாடைக்கட்டி வெட்டிய கத்தியாலேயே அட்டையைத் தனியாக அறுத்தெடுத்தார். நீளவாக்கில் மடித்து, தம்பியின் கழுத்துக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவில் பதமாகச் செருகினார்.

“இப்ப எப்பிடிடா இருக்கு?”

“பரவால்லண்ணே,” என்றான் லுபேன். “உறுத்தலை.”

நான் படித்த தத்துவ நூல்களில் ஒரு மனிதனுக்கு உபயோகப்பட்டது இது ஒன்றுதான். சங்கிலி நகர்ந்தது. மிச்சத் தாள்களை மத்துரேன் அடுக்கி, கலையாமல், இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அன்று பிற்பகல் அவையில் அறிக்கை வாசித்தேன். ‘நூல் மக்களைச் சென்றடைந்தது. மக்கள் அதைக் கழுத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்கள்.’ பலத்த கைதட்டல். சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்விக் கழகத்துக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். அடியில் அவர் பெயரை, அந்தக் கடைசிச் சுழிப்போடு, வழக்கம் போல நானே போட்டேன்.

ஐந்து வருடமாகச் சீமாட்டியின் கையெழுத்து என்பது என்னுடைய கைதான். அவருக்கு விரல் வலி. இருநூறு பிரதியிலும் போட்டவன் நான். மத்துரேனின் தாளிலும் போட்டிருக்கலாம். அது ஆறு மாதம் என் இழுப்பறையில் கிடந்தது. ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது, தெரிந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

போடவில்லை. மத்துரேனை நான் உள்ளே அழைத்து வந்த அந்த முதல் நாள்தான், சீமாட்டி என் தோளில் கை வைத்து, “இவரும் நம்மவர்தான்” என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.